இரண்டாவது சீட்டு

ஐயாசாமி எலெக்சனில் நிற்கப் போகிறார் என்ற பேச்சு பீளமேட்டில் எங்கள் மில்லுக்குள் வந்தபோது யாரும் நம்பவில்லை. நான் அப்போது தொழிலாளர்களின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் இருந்தேன். ஷிப்ட் மாறும்போது ஸ்பின்னிங் பிரிவிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வருகிறவரை நிறுத்தி, "நெசந்தானா?" என்று கேட்டேன்.

"எனக்கே இன்னும் நெசமான்னு தெரியலீங்க" என்றார்.

பல்லடத்துக்கு அந்தப் பக்கம் தோட்டக் கூலிகளின் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவது வரை படித்து, மில்லில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே நூல் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்த பாவாத்தாளைக் கட்டிக்கொண்டவர். சங்கத்தில் நல்ல பேர். கோபமாகப் பேசத் தெரியாது. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவும் தெரியாது. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

1957ஆம் வருடம். அந்தக் காலத்தில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒரு இடம் பொது, இன்னொரு இடம் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கியது. ஆனால் இரண்டு பேரையும் எல்லாச் சாதிக்காரர்களும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுப் போட வருகிறவர் கையில் இரண்டு சீட்டு தருவார்கள். மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரவர் சின்னம் ஒட்டிய பெட்டி வரிசையாக இருக்கும். ஒரு சீட்டை ஒரு பெட்டியிலும் மற்றதை வேறு பெட்டியிலும் போட வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் செல்லும்.

அப்படி ஒரு தொகுதியில்தான் பருத்தி அரைக்கும் ஜின்னிங் பேக்டரி முதலாளி கோவிந்தராஜுலு நாயுடு சுயேச்சையாக நின்றார். விவசாயிகளும் மில் தொழிலாளர்களும் சேர்ந்த கூட்டு என்று பேர் வைத்தார்கள். ஒதுக்கிய இடத்துக்கு ஜோடியாக ஓர் ஆள் வேண்டும். சங்கத்தார் ஐயாசாமியின் பெயரைச் சொன்னார்கள். நாயுடுவுக்குத் தராசுச் சின்னம். ஐயாசாமிக்குப் படகு.

முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளேயே வந்தது. ஐயாசாமியின் தாய்மாமன் மாசாணம், நாயுடுவின் தோட்டத்தில் குடிசை போட்டுக் கூலிக்கு இருந்தவர். செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"ஏப்பா, நீ போயி மேல்சாதிக்காரவிய கிட்ட ஓட்டுக் கேக்கோணும். கேட்டு வாங்கிச் செயிச்சுபோட்டு அப்பறம் அவியளுக்கு எதுத்தாப்புல ஒரு வார்த்த பேசுவியா? நம்ம சனம் மட்டும் ஓட்டுப் போட்டு அனுப்புனவனா இருந்தாப் பேசுவான். அதத்தான் அன்னைக்கிக் கையில குடுத்துப்போட்டுப் புடுங்கிக்கிட்டாங்க."

அவர் சொன்ன 'அன்னைக்கி' 1932. தாழ்த்தப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியை அனுப்பலாம் என்று வெள்ளைக்கார அரசு தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது. அதை எதிர்த்துக் காந்தி சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். அம்பேத்கர் மனசில்லாமல் அதை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு இடங்கள் கூடின, ஓட்டு மட்டும் எல்லோருக்கும் பொதுவாயிற்று. சுதந்திரம் வந்து அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தபோதும் இந்தக் கேள்வி அடங்கவில்லை. ஒதுக்கிய இடத்தில் ஜெயிக்கிறவர் தம் சமூகத்தாருடைய ஓட்டிலும் ஒரு பங்காவது வாங்கியிருக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்ப்பைப் பார்த்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாசாணத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் திருத்தத்தின் சாரம் அவர் நாக்கில் இருந்தது.

ஐயாசாமி இந்தச் செய்திகளையெல்லாம் தொழிலாளர் படிப்பகத்தில் பழைய பத்திரிகைகளில் படித்தவர். மாமன் சொன்னதில் நியாயம் இருப்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் தூக்கம் கெட்டது. ஆனால் அதே பத்திரிகைகளில் வேறொரு சண்டையையும் படித்திருந்தார். ஆட்சிக்குக் கிராமம்தான் அடிப்படையாக இருக்க வேண்டும், ஊர் கூடி மேலே ஆளை அனுப்பட்டும் என்று காந்தி வழியில் வந்தவர்கள் பலர் கேட்டார்கள். அம்பேத்கர் ஒப்பவில்லை. கிராமம் என்பது குறுகிய புத்தி குடியிருக்கும் இடம், தனி மனிதன்தான் அளவு என்றார். அவர் சொன்னதே நின்றது. கிராமப் பஞ்சாயத்து, அரசியல் சட்டத்தில் அரசு முயன்று பார்க்க வேண்டிய நல்ல காரியங்கள் என்ற பகுதியில் ஓர் ஆசையாகப் போய்ச் சேர்ந்தது.

"ஊரு கூடி ஆளனுப்பறதுன்னா, அந்த ஊருல நாம எங்கீங்க மாமா நிப்போம்? கூட்டத்துக்கு வெளியதான். இப்ப நாயுடு கையில எத்தன சீட்டோ அத்தனதான் உங்க கையிலயும்" என்றார் ஐயாசாமி.

"சீட்டு இருக்குது. பேச்சு இருக்குதா?" என்றார் மாசாணம்.

முடிவைச் சொன்னது பாவாத்தாள். "நீங்க நிக்காட்டி வேற எவனையாச்சும் நிறுத்துவாங்க. அவன் எல்லாத்துக்கும் தலையாட்டுவான். நீங்க நில்லுங்க. ஆட்டறதா வேண்டாமான்னு அப்பறம் பாத்துக்கலாம்."

ஜீப் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ஓட்டியவர் பீர் முகம்மது. முன் சீட்டில் நாயுடு. பின்னால் மைக் செட்டோடு ஐயாசாமி. நாயுடுவின் மைத்துனர் நரசிம்மலுவும் பின்னால் உட்கார வேண்டியவர்தான். முதல் நாள் ஏறுவதற்குக் காலைத் தூக்கியவர், உள்ளே பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். "நான் என்ற காருல பின்னாலயே வாரேன்" என்றார். பிறகும் தினமும் அப்படியே வந்தார்.

ஊர்களில் நாயுடுவுக்கு மாலை கழுத்தில் விழுந்தது. ஐயாசாமிக்கான மாலையை ஜீப்பின் பானட்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். அவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியது. நாயுடு பார்த்துக்கொண்டே இருப்பார். நாலைந்து ஊர் இப்படிப் போனதும், பீர் முகம்மது எஞ்சினை நிறுத்தி இறங்கிவந்து மாலையை எடுத்து ஐயாசாமியின் கழுத்தில் போட்டார். "இல்லாட்டி வண்டிதான் எலெக்சன்ல நிக்குதுன்னு நெனச்சுக்குவாங்கண்ணா" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு எந்த ஊரிலும் அது அவர் வேலையாயிற்று.

படகை அந்த வறண்ட பூமியில் யார் பார்த்தார்கள்? சுவரில் எழுதியிருந்த சின்னத்தைக் காட்டி ஒரு பெரியவர், "இதென்னப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டியா?" என்று கேட்டார். ஐயாசாமி விளக்கப் போனார். பாவாத்தாள் தடுத்தாள். "தொட்டின்னே இருக்கட்டுமுங்க. எல்லாருத்துக்கும் தெரிஞ்ச சாமானமல்லோ." அதிலிருந்து அது தொட்டிச் சின்னம்.

இப்படிச் சிரிப்பும் தூசியுமாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. பாவாத்தாளின் சித்தி மகள் சுப்பாத்தாள், நரசிம்மலுவின் ஊரான கள்ளிமேட்டில் களை எடுக்கப் போகிறவள். அவள் வந்து சொன்னாள்: நரசிம்மலு கோயில் முன்னால் ஊரைக் கூட்டிப் பேசியிருக்கிறார். முதல் சீட்டு தராசுக்கு. இரண்டாவது சீட்டை எந்தப் பெட்டியிலும் போட வேண்டாம். மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போடுங்கள். தோட்டத்தில் கூலிக்கு நின்றவனின் மகனுக்கு நம் கையால் ஓட்டா? இது ஊர்க்கட்டுப்பாடு. நாயுடுவின் ஊரான செங்காட்டுப்பாளையத்திலும் அதே பேச்சுத்தான் நடக்கிறதாம்.

மறுநாள் ஜீப்பில் ஐயாசாமி கேட்டுவிட்டார்.

"முதலாளி, ரெண்டாவது சீட்டு அடுப்புக்குப் போகப் போவுதுன்னு கேள்விப்பட்டனுங்க."

நாயுடு வெளியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நரசிம்மலு வாயி அப்படித்தான்" என்றார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"சொன்னா, எனக்கு விழுகற சீட்டும் விழுகாமப் போயிரும் ஐயாசாமி."

இதை ஐயாசாமி என்னிடம் சொன்னார். பிறகு, "பொய் சொல்லியிருந்தாருன்னா கோவம் வந்திருக்குமுங்க. நெசத்தச் சொன்னதுல பயம் வந்துபோச்சு" என்றார். மாமன் சொன்னது சரிதானோ என்ற பயம். நம் ஓட்டை வாங்கிக்கொள்வார்கள், தங்கள் ஓட்டைத் தர மாட்டார்கள் என்றால் பொதுவாக ஓட்டுப் போடுவது என்பதற்கு என்ன அர்த்தம்? டெல்லியில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து, விட்டுக்கொடுத்து, ஒரு நம்பிக்கையின் மேல் எழுதிவைத்த ஏற்பாடு, கள்ளிமேட்டுக் கோயில் முன்னால் ஒரு பேச்சில் சாம்பலாகிவிடும் போலிருந்தது.

மாசாணம், "பேர வாபஸ் வாங்கிக்கோ" என்றார். அதற்கு நாள் கடந்துவிட்டது. "அப்படின்னா மில்லுக்குப் போ. ஊடு ஊடாப் போயி மானத்த விக்காதே."

பாவாத்தாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "மாமா, அவிய சீட்டு நமக்கு வேணும். செரி. நம்ம சீட்டு அவியளுக்கு வேண்டாமாக்கும்? இந்தத் தொகுதியில நம்ம சனம் குடியிருக்கற வளவு எத்தன இருக்குது? அத்தன வளவுலயும் ஆளுக்கு ரெண்டு சீட்டு. ஒண்ணு தொட்டிக்கு. இன்னொண்ணு?"

மாசாணமும் ஐயாசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்க வேண்டியவர்கள் நாம் மட்டும்தான் என்றே இருவரும் அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாக்குப்பதிவுக்கு முன்வாரம் நாயுடு செங்காட்டுப்பாளையத்து வளவுக்கு ஓட்டுக் கேட்க வந்தார். அவருடைய நிலத்தில் மாசாணமும் மற்றத் தோட்டத்து வேலைக்காரர்களும் குடிசை போட்டிருக்கும் தெரு அது. கூட அவர் மனைவி பங்காரம்மாவும் வந்திருந்தார். பெண்களிடம் பெண் போய்க் கேட்டால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நரசிம்மலுவின் அக்காள் அவர். தெருமுனையில் காரை நிறுத்திக்கொண்டு நரசிம்மலு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

நாயுடு பேசி முடித்துக் கும்பிட்டார். மாமன் வீட்டுக்கு வந்திருந்த பாவாத்தாள் முன்னால் வந்தாள்.

"முதலாளி, ஒரு வார்த்த கேக்கறனுங்க. எங்களுக்கு ரெண்டு சீட்டு. ஒண்ணு உங்க தராசுக்குப் போடறமுங்க. உங்க ஊட்டுலயும் ரெண்டு சீட்டல்லோ. அந்த ரெண்டாவது சீட்டு எந்தப் பெட்டிக்குங்க?"

முதலாளியிடம் அந்தத் தெருவில் யாரும் அதுவரை திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. மாசாணம் குடிசைக் கூரையைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அது பிரிக்கப்படும் என்றே நினைத்தாராம். நாயுடு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

பங்காரம்மாதான் பேசினார்.

"என்ற தம்பி நேத்து எனக்கும் சொல்லிக்குடுத்தான் அம்மணி. ஒண்ண இங்க போடு, ஒண்ண அடுப்புல போடுன்னு. கட்டுன பொடவைல இருந்து கும்புடற சாமி வரைக்கும் இத்தன வருசம் ஊட்டு ஆம்பளைய சொன்னதுதான். இந்த ரெண்டு சீட்டுத்தான் என்ற பேரு போட்டு, என்ற கையில குடுக்கறது. சர்க்காரு குடுக்குது. அவனா குடுக்கறான்?" மூச்சு வாங்கினார். "ஒண்ணு இவிய பெட்டிக்கு. ஒண்ணு உன்ற ஊட்டுக்காரரு பெட்டிக்கு. எங்க தெருப் பொம்பளையளுக்கும் நானே சொல்றேன். போதுமா?"

"போதுமுங்க அம்மா" என்றாள் பாவாத்தாள்.

எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள். நாயுடு, யாரிடமும் சொல்லாததுபோல, "அவளே சொல்லிப்போட்டா. இனி நான் சொல்லாம இருந்தா நல்லாருக்காது" என்றார். அடுத்த ஊரில் மைக்கை வாங்கி, "தராசுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. மைக் இருந்ததால் கேட்டது. நரசிம்மலு காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வாக்குப்பதிவன்று ஐயாசாமி செங்காட்டுப்பாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றார். பெண்கள் வரிசையில் பங்காரம்மா முதலில் நின்றார். அவருக்குப் பின்னால் அந்தத் தெருப் பெண்கள். கொஞ்சம் தள்ளி வளவுப் பெண்கள். எதிர்ப்புறத்தில் நரசிம்மலுவும் நாலு பெரிய மனிதர்களும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க முடிந்தது முகத்தை மட்டும்தான். விரலில் மை வைத்துக்கொண்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவரும் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஊரால் அவர்களுடன் உள்ளே போக முடியவில்லை.

"அந்த மறப்பு வெறும் சாக்குத் துணிங்க" என்றார் ஐயாசாமி. "அதுக்குள்ள போனவிய என்ன செஞ்சாங்கன்னு எனக்கும் தெரியாது. நரசிம்மலுவுக்கும் தெரியாது. எனக்கு அதுவே பயமாவும் இருந்துச்சு, அதுவே தெம்பாவும் இருந்துச்சு."

ஓட்டுகளை ஓர் இடத்தில் வைத்து ஊர்வாரியாக எண்ணினார்கள். கள்ளிமேட்டுப் பெட்டிகள் முதலில் வந்தன. தராசுப் பெட்டியில் குவியலாகச் சீட்டு. படகுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒரு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். நரசிம்மலுவின் கட்டுப்பாடு அவர் ஊரில் செல்லுபடியாகியிருந்தது. வேறு சில ஊர்களும் அப்படியும் இப்படியுமாகவே இருந்தன.

பிறகு செங்காட்டுப்பாளையம். முத்திரையை உடைத்து எழுத்தர் படகுப் பெட்டியைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

ஒரு சீட்டுக்கூட இல்லையா? ஐயாசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எழுத்தர் பெட்டியைக் குலுக்கினார். அப்புறம் அடியில் ஓங்கித் தட்டினார். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டிருந்த சீட்டுகள் பொத்தென்று மேசைமேல் கொட்டி, விளிம்பைத் தாண்டித் தரையிலும் விழுந்தன. இரண்டு பேர் குனிந்து பொறுக்கினார்கள்.

ஐயாசாமி கீழே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பீர் முகம்மது, மயக்கமோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். மயக்கம் இல்லை. எத்தனை வாரமாகவோ உடம்பில் முறுக்கேறிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துபோயிற்று. ஜெயித்தோமா தோற்றோமா என்றே அப்போது தோன்றவில்லையாம். போட்டிருக்கிறார்கள். தெரிந்த முகங்கள், கிணற்றடியில் தள்ளி நில் என்று சொன்ன முகங்கள்தான். ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் போட்டிருக்கிறார்கள். வளவும் பங்காரம்மாவின் தெருப் பெண்களும் மட்டும் போட்டு அத்தனை சீட்டு வராது. ஆண்களும் போட்டிருக்க வேண்டும்.

அதற்குள் நாயுடுவின் முகம் வெளுத்திருந்தது. பொது இடத்துக்கு நின்ற இன்னொருவர் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கடைசியாக வளவுகள் அதிகம் இருந்த ஊர்களின் பெட்டிகள் வந்தன. அவற்றில் படகுக்கு விழுந்த அளவுக்குத் தராசுக்கும் விழுந்திருந்தது. நாயுடு மயிரிழையில் தப்பினார். ஐயாசாமி அவரைவிட நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நாயுடு அருகில் வந்தார். "உன்ற ஊட்டுக்காரி அன்னைக்கி அந்தக் கேள்வியக் கேக்காம இருந்திருந்தா, நான் இன்னைக்கித் தோத்து ஊடு போயிச் சேந்திருப்பேன்" என்றார். பெரிய நாற்காலி ஒன்றைத் தேடி உட்கார்ந்து, சோடா கேட்டார்.

மாசாணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அப்ப நான் நெனச்சதுல பாதி தப்பு" என்றார்.

"மீதிப் பாதிங்க மாமா?"

"அது நீ மெட்ராசுக்குப் போயி என்ன பேசறீங்கறதுல இருக்குது."

அந்தப் பாதிக்கு ஒரு வருடம் ஆயிற்று. தோட்ட முதலாளியின் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலிக்காரனை, வேலை நின்றதும் குடிசையையும் பிரித்துத் துரத்தக் கூடாது. அதற்குச் சட்டம் வேண்டும் என்று ஐயாசாமி சட்டசபையில் பேசினார். எழுதி வைத்துக்கொண்டு, வேகமாக, நிமிராமல் பேசினார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நாயுடு எழுந்து காப்பி சாப்பிடப் போய்விட்டார். சட்டம் அப்போது வரவில்லை. ஆனால் பேச்சைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு மாமனின் குடிசையை நாயுடு என்ன செய்வாரோ என்று மெட்ராசில் ஐயாசாமிக்கும் வீட்டில் பாவாத்தாளுக்கும் சோறு இறங்கவில்லை.

கோயமுத்தூருக்குத் திரும்பும் ரயிலில் ஐயாசாமியும் நாயுடுவும் ஒரே பெட்டி. ஈரோடு தாண்டும்வரை நாயுடு பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தார். பிறகு, "எனக்கு எதுத்துத்தான் பேசியிருக்கறே" என்றார்.

"ஆமாங்க முதலாளி."

"அந்தத் தெருவுல ஒரு கூரையிலயும் நான் கை வெக்க மாட்டேன். பங்காரம்மா என்னைய ஊட்டுக்குள்ள உட மாட்டா." சிரித்தாரா என்று ஐயாசாமிக்குத் தெரியவில்லை. ஆனால் வண்டி பீளமேட்டில் நின்றபோது, ஐயாசாமி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி ஓட்டமாக வீட்டுக்குப் போய்ப் பாவாத்தாளிடம் அதைச் சொன்னார். அன்று இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மாசாணம் சாகும்வரை அதே குடிசையில்தான் இருந்தார். தனி வாக்காளர் தொகுதிதான் சரி என்ற பேச்சையும் அவர் சாகும்வரை விடவில்லை.

1961இல் இரட்டைத் தொகுதிகளை எடுத்துவிட்டார்கள். ஒதுக்கிய இடம் வேறு பக்கம் போயிற்று. இவர்களுடையது பொதுத் தொகுதியானது. அடுத்த எலெக்சனுக்கு ஐயாசாமியை யாரும் கூப்பிடவில்லை. அவரும் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. வருத்தமா என்று கேட்டேன். "கனமான மூட்டைய ஒருத்தர் தலையிலயும் போடாம, உடையாம, எறக்கி வெச்சமாதிரி இருக்குதுங்க" என்றார்.

மில்லில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எம்.எல்.ஏ.வாக இருந்தவரை மறுபடி ஸ்பின்னிங்கில் விடுவதற்கு மானேஜருக்குச் சங்கடம். தொழிலாளர் நல ஆபீசில் மேசை நாற்காலி போட்டுத் தருகிறேன், மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம் என்றார். அவருக்கு வருகைக் கார்டு எழுதுவதற்காக நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"வேண்டாமுங்க. அஞ்சு வருசமா உக்காந்தே இருந்துட்டனுங்க. காலு மரத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு, மேல்சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பின்னிங் பிரிவுக்குள் நடந்தார்.